ஆறு ஆதாரங்களும் ஓர் ஆதாரமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய திருநாள்களில் ஸந்நிதிக்கு எழுந்தருளும் பாகவதர்கள் தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்டபின், தத்தம் நெஞ்சில் உள்ள ஐயங்களையும் கேட்டுத் தெளிவது வழக்கம். முன்னாள்களில் அவை ஏகாதசி விரதம், சிராத்தம், இல்லத்துத் திருவாராதனம் ஆகியவற்றைப் பற்றியனவாக இருக்கும். இந்நாளில் வேறொரு கேள்வியும் அடிக்கடி எழுகின்றது. உடலில் ஆறு சக்கரங்கள் உள்ளனவாமே. அவற்றுள் சக்தி மிகுந்தும் குறைந்தும் நிற்பதனால்தான் நோயும் மனக்கலக்கமும் உண்டாகின்றனவாமே. யோகாப்யாஸத்தினால் அவற்றைச் சமன் செய்துகொள்ளலாமாமே. ஸ்ரீவைஷ்ணவன் ஒருவன் இதனைச் செய்யலாமா, செய்தால் அடையும் பயன் யாது என்பதே அக்கேள்வி.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஜூன் 21ஆம் நாளை யோக தினமாக ஏற்றது. 2015 முதல் அந்நாள் உலகெங்கும் கொண்டாடப்பட்டு வருகின்றது. நம் பாரத தேசத்தின் பழஞ்செல்வம் ஒன்றை உலகம் மதிப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு பொருள் பலர் கைப்படும்போது அதன் உண்மை வடிவம் மறைவதும் உண்டு. ஆகவே இக்கேள்வியை ஆசார்யர்கள் காட்டிய வழியில் நின்று ஆராய்வது நலம்.

சக்கரங்கள் எனப்படுவன

மூலாதாரம், ஸ்வாதிஷ்டானம், மணிபூரகம், அனாஹதம், விசுத்தி, ஆஜ்ஞை என்னும் ஆறும், சிரஸ்ஸின் உச்சியில் ஸஹஸ்ராரமும் யோக நூல்களில் கூறப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றை ‘ஆறு ஆதாரங்கள்’ என்று வழங்குவர். திருமூலர் முதலிய பெரியோர் இவற்றைப் பேசியுள்ளனர். செட்டிநாட்டு இல்லங்களில் விநாயகர் அகவலை நாள்தோறும் ஓதி வரும் பெண்மணிகளுக்கும் மூலாதாரம் என்னும் சொல் புதிதன்று. நம் பாஞ்சராத்ர ஸம்ஹிதைகளிலும் நாடிகளும் சக்கரமும் கூறப்பட்டுள்ளன. அஹிர்புத்ந்ய ஸம்ஹிதை பன்னிரண்டு ஆரங்களையுடைய ஒரு சக்கரத்தை நாபியில் வைத்துக் காட்டுகின்றது.

ஆயினும் இந்நூல்களெல்லாம் ஒரே கணக்கைச் சொல்லவில்லை என்பதை நோக்க வேண்டும். இன்று எங்கும் வழங்கும் ஆறு சக்கர முறைக்குப் பெரிதும் ஆதாரமாய் நிற்பது வங்கநாட்டுப் பூர்ணானந்தர் 1577இல் இயற்றிய ஷட்சக்ர நிரூபணம் என்னும் நூல். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1919இல் வெளியிட்டபின் அது மேல்நாடுகளில் பரவிற்று. 1927இல் அடையாறு தியஸாபிகல் சங்கத்தைச் சேர்ந்த லெட்பீட்டர் சக்கரங்களைப் பற்றி வர்ணப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு சக்கரத்திற்கும் வானவில்லின் ஒவ்வொரு நிறத்தை வரிசையாகக் கொடுத்து இன்று சுவர்களில் மாட்டப்படும் படங்கள் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தவை. ரிஷிகள் காலத்தவை அல்ல.

‘சமன் செய்தல்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. தந்த்ர நூல்கள் சக்கரங்களைப் பேதித்து மேலேறுவதையும், ஒவ்வொரு தத்துவத்தையும் அதற்கு மேலுள்ளதில் ஒடுக்குவதையும் பேசுகின்றனவே அன்றித் தராசுத் தட்டுகளைப் போல் அவற்றைச் சமமாக நிறுத்துவதைப் பேசவில்லை. பதஞ்ஜலி முனிவர் நாபி சக்கரத்தில் மனத்தை நிறுத்துபவன் உடலின் அமைப்பை அறிவான் என்கிறார். அவ்வாறு வரும் ஸித்திகள் ஸமாதிக்கு இடையூறு என்றும் அவரே எச்சரிக்கின்றார். உடலின் சமநிலை என்பது உண்மையில் ஆயுர்வேதத்தின் சொல். வாத பித்த கபங்களும், ஜாடராக்நியும், தாதுக்களும் சமமாயிருந்து, ஆத்மாவும் இந்த்ரியங்களும் மனமும் தெளிந்திருப்பவனே ஆரோக்யவான் என்பது ஸுச்ருதருடைய கருத்து. வைத்திய நூலின் சமநிலையையும் தந்த்ர நூலின் சக்கரத்தையும் ஒன்றாய்ப் பிணைத்தது நம் காலத்துப் புதுமை.

சக்கரங்கள் கண்ணால் காணத்தக்க உறுப்புகளோ என்று வினவுவாரும் உண்டு. ஆரிய ஸமாஜத்தை நிறுவிய தயானந்த ஸரஸ்வதி (1824–1883) இளமையில் கங்கையில் மிதந்து வந்த ஒரு பிரேதத்தைக் கரைக்கு இழுத்து, கத்தியால் கீறி, நூல்களில் கூறிய சக்கரங்களைத் தேடினார் என்றும், ஒன்றையும் காணாமல் அந்நூல்களையும் கிழித்துப் பிரேதத்தோடு ஆற்றில் எறிந்தார் என்றும் அவருடைய சுயசரிதத்திலே உள்ளது. அவர் தேடிய இடத்தில் அவை இருக்க நியாயமில்லை. அவை தியானத்திற்காகக் காட்டப்பட்ட ஸ்தானங்களே அன்றி ஈரல், நுரையீரல் போன்ற உறுப்புகள் அல்ல. கத்திக்கு அகப்படாதது ஒரு கருவிக்கும் அகப்படாது. ஆகையால், இன்ன சக்கரம் இத்தனை பங்கு அடைபட்டுள்ளது என்று அளந்து சொல்வோர் சாஸ்த்ரத்தையும் அறிந்தாரல்லர், வைத்தியத்தையும் அறிந்தாரல்லர்.

முதல் யாருடையது

இனி, கேள்வியின் உட்பொருளுக்கு வருவோம். உடலைச் சமன் செய்ய வேண்டும் என்கிறோம். அந்த உடல் யாருடையது?

பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் சரீரம் என்பதற்கு ஓர் இலக்கணம் அருளிச்செய்தார். ஒரு சேதனனால் எப்போதும் தாங்கப்படுவதும், அவனால் நியமிக்கப்படுவதும், அவனுக்கே உபயோகமாய் இருப்பதும் எதுவோ அது அவனுக்குச் சரீரம். இவ்விலக்கணப்படி நம் உடல் நம் ஆத்மாவுக்குச் சரீரம். அவ்விதமே நம் ஆத்மா எம்பெருமானுக்குச் சரீரம். தாங்குபவனுக்கு ஆதாரம் என்று பெயர். ஆகவே, முதுகந்தண்டில் ஆறு ஆதாரங்களை எண்ணுகிறவன், அவ்வாறையும் தன்னையும் சேர்த்துத் தாங்கி நிற்கும் ஓர் ஆதாரத்தை எண்ணாமல் விட்டால், அவன் கணக்கில் முதலே விடுபட்டதாகும்.

கணக்கு என்றது இச்சீமையில் எளிதில் விளங்கும். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், கடையை நடத்தப் பெரும்பாலும் ஏஜண்டுகளை அனுப்பினர். ஏஜண்டு மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிச் செல்வார். குறிப்பும் பேரேடும் எழுதுவார். ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார். ஐந்தொகை பிசகின்றி நிற்பதற்காக இரவெல்லாம் கண்விழிப்பார். ஆயினும் பெட்டியில் உள்ள பணம் தம்முடையது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அது முதலாளியின் முதல். முதல் தம்முடையதன்று என்பதற்காக அவர் அதனை அலட்சியம் செய்ததும் இல்லை; பிறர் முதல் என்பதனாலேயே அதிகக் கவனம் செலுத்தினார். தவணை முடிந்ததும் சாவியை ஒப்படைத்து ஊர் திரும்பினார்.

உடலைப் பற்றி ஸ்ரீவைஷ்ணவன் கொள்ளத்தக்க நினைவு இதுவே. இது எம்பெருமானுடைய முதல். நாம் சில ஆண்டுத் தவணைக்கு வந்த ஏஜண்டுகள். ஆஸனத்தாலும் பிராணாயாமத்தாலும் அளவான ஆகாரத்தாலும் இதனைச் சீராக வைத்திருத்தல் கடமை. மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதே கிடப்பவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கண்ணன் கீதையின் ஆறாம் அத்யாயத்தில் கூறியதும் இப்பொருளிலேயே. ஆனால் ஐந்தொகை நேராக நின்றதும் முதலே தன்னுடையதாயிற்று என்று எண்ணும் ஏஜண்டை என்னென்பது? உடல் இலேசாகி மனம் தெளிந்தவுடன், ‘நான் என் சக்தியை எழுப்பினேன், நான் என்னைப் பூரணமாக்கிக்கொண்டேன்’ என்று தோன்றுமாயின், யோகம் அவனுக்கு அஹங்காரத்தை வளர்க்கும் எருவாகிவிட்டது.

ஆலயத்தில் அர்ச்சகன் நாள்தோறும் செய்யும் ஒரு கிரியையும் இதனை விளக்கும். மூர்த்தியைத் தீண்டுவதற்கு முன் அவன் பூதசுத்தி செய்கிறான். மூச்சை அடக்கி மந்த்ரத்துடன், தன் உடலில் உள்ள மண்ணை நீரிலும், நீரைத் தீயிலும், தீயைக் காற்றிலும், காற்றை ஆகாசத்திலும் ஒடுக்குவதாகப் பாவிக்கிறான். பழைய உடல் எரிந்து, அமுதத்தால் நனைந்து, புதிய உடல் உண்டானதாகப் பாவிக்கிறான். பின்னர் ஹ்ருதயத்தில் ஆதாரசக்தி முதலாக ஒரு பீடத்தை மனத்தாலேயே அமைத்து, அதில் எம்பெருமானை எழுந்தருளப் பண்ணி மாநஸ ஆராதனம் செய்கிறான். இதுவும் உடலுக்குள் நிகழும் யோகமே. ஆனால் எந்த அர்ச்சகனும் தன் நோய் தீருவதற்காகப் பூதசுத்தி செய்வதில்லை. பெருமானுக்குக் கைங்கர்யம் செய்யும் தகுதி இவ்வுடலுக்கு வரவேண்டும் என்பதே நோக்கம். கிரியை ஒன்றாயினும் நோக்கத்தால் வேறுபடும். தனக்காகச் செய்தால் அது தேகப் பயிற்சி. அவனுக்காகச் செய்தால் அது ஆராதனம்.

இன்னுமொன்று. உபநிஷத்துகள் ஹ்ருதயத்திலிருந்து நூற்றொரு நாடிகள் புறப்படுவதாகவும், அவற்றுள் ஒன்று சிரஸ்ஸை நோக்கி மேலே செல்வதாகவும், அதன் வழியாகச் செல்லும் ஆத்மா மோக்ஷம் அடைவதாகவும் கூறுகின்றன. மேலே செல்லும் அந்நாடியைத் திறப்பது யார்? ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயத்தில் இதற்கு விடை உண்டு. ஹ்ருதயத்தில் உறையும் பரமபுருஷன் தன்னை நினைத்து வந்த ஜீவனிடத்தில் உகப்புக்கொண்டு, அவனே ஒளி காட்டி அவ்வாயிலை அறிவிக்கிறான் என்பது ஸ்ரீபாஷ்யகாரர் காட்டிய பொருள். மூச்சின் பலத்தால் முட்டித் திறக்கும் கதவு அன்று அது. உள்ளிருப்பவன் திறந்துவிடும் கதவு.

இரண்டு ரஹஸ்யங்கள்

‘அப்படியாயின் நம் ஸம்ப்ரதாயத்தில் யோகமே இல்லையா?’ என்று கேட்கலாம். நம் குருபரம்பரையின் தலைவரான நாதமுனிகளே மஹாயோகி. காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த அம்மஹான், திருக்குருகூரில் மதுரகவிகளின் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, யோகத்திலே நம்மாழ்வாரைச் சேவித்து, நாலாயிர திவ்யப்ரபந்தத்தைப் பெற்றார் என்பது பிரஸித்தம். அவர் தம் சிஷ்யர்களுள் குருகைக் காவலப்பனுக்கு யோக ரஹஸ்யத்தையும், உய்யக்கொண்டாருக்குப் பிரபந்தங்களையும் அளித்தார்.

இவ்விடத்தில் குருபரம்பரை ஒரு செய்தியைக் கூறுகின்றது. யோகத்தைக் கற்கிறீரா, பிரபந்தத்தைக் கற்றுப் பிறருக்கு அளிக்கிறீரா என்று நாதமுனிகள் கேட்டபோது, பிணம் கிடக்கும் வீட்டில் மணவிழா நடத்துவது தகுமோ என்னும் பொருள்பட உய்யக்கொண்டார் விடையளித்தாராம். உலகத்தார் ஸம்ஸாரத்தில் உழன்று கிடக்க, தாம் மட்டும் யோகத்தில் அமர்ந்து ஆனந்தம் நுகர்வது தகாது என்பது அவர் திருவுள்ளம். யோகத்தை அவர் பழிக்கவில்லை. அதன் இன்பத்தை அறிந்தே, பிறர் பொருட்டு அதனை விட்டார்.

குருகைக் காவலப்பனிடம் தங்கிய யோக ரஹஸ்யம் என்னாயிற்று? அதனைப் பெற ஆளவந்தார் விரும்பினார். இன்ன நாளில் வருக என்று காவலப்பன் நாள் குறித்து ஓலை கொடுத்தார். ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தபோது ஓலையைப் பார்க்க, அந்நாள் அன்றைய தினமாகவே இருந்தது. அன்றே காவலப்பனும் பரமபதித்தார். ஒருவரிடம் மட்டும் தங்கியிருந்த அந்த ரஹஸ்யம் அவரோடு மறைந்தது. பிற்காலத்தில், நாதமுனிகளின் வம்சத்தவராகத் தம்மைச் சொல்லிக்கொண்ட திருமலை கிருஷ்ணமாசார்யர் (1888–1989), தம் இளமையில் ஆழ்வார்திருநகரியில் நாதமுனிகளின் அருளால் யோக ரஹஸ்யம் தமக்குக் கிடைத்ததாகக் கூறினார். 1930களில் மைஸூர் அரண்மனையில் யோகசாலை நடத்திப் பின்னர்ச் சென்னையில் வாழ்ந்த இவரிடம் பயின்றவர்களே பெல்லூர் ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும். இன்று உலகில் பரவியுள்ள ஆஸனப் பயிற்சியின் பெரும்பகுதி ஸ்ரீவைஷ்ணவரான இவ்வாசிரியரிடமிருந்து சென்றதே. அவர் எல்லாருக்கும் ஒரே பயிற்சியை விதிக்கவில்லை; வயது, வலிமை, நோய், தொழில் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் வேறுவேறாகக் கற்பித்தார். குண்டலினியை எழுப்ப வேண்டிய ஒரு சக்தியாக அன்றி, பிராணன் செல்லும் வழியை அடைத்திருக்கும் தடையாகவே அவர் கொண்டார் என்று அவர் குமாரர் தேசிகாசார் விளக்கியுள்ளார். தடை நீங்குதலே வேண்டுவது. புதிதாக ஒன்றை ஈட்டுதல் அன்று.

மற்றொரு ரஹஸ்யத்தின் கதை நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. திருப்பத்தூரை அடுத்த திருக்கோட்டியூரில் எழுந்தருளியிருந்த நம்பியிடம் மந்த்ரார்த்தம் பெறுவதற்காக ராமாநுஜர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார். போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், வர அவ்வளவு. தகுதியற்றவர்க்குச் சொன்னால் நரகம் என்ற ஆணையோடு நம்பி உபதேசித்தார். ராமாநுஜரோ, தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வார்களே என்று எண்ணி, ஆசையுடையோர் எல்லார்க்கும் அதனை வெளியிட்டார். சினந்து அழைத்த நம்பி, அவருடைய கருணையை உணர்ந்து, ‘எம்பெருமானார்’ என்று தழுவிக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். காக்கப்பட்ட யோக ரஹஸ்யம் ஒருவரோடு மறைந்தது. வாரி வழங்கப்பட்ட திருமந்த்ரம் ஆயிரமாண்டுகளாக வாழ்கின்றது. வலிமையும் ஓய்வும் உடைய சிலருக்கே கூடும் வழி ஒன்று. நடக்கமாட்டாதவனுக்கும் கிடக்கின்றவனுக்கும் கூடும் வழி ஒன்று. ப்ரபத்தியின் இயல்பைக் குறித்து வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசார்யரும் நுட்பமான பேதங்களைக் கூறுவர். ஆனால் காப்பவன் எம்பெருமானே, நம் பயிற்சி அன்று என்பதில் இருவருக்கும் பேதம் இல்லை.

செய்யத்தக்கது

வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் ஸந்நிதியில் கேட்டார்: “சாமி, என்னால் காலை மடக்கி உட்கார முடியவில்லை. மணிபூரகம் அடைபட்டிருக்கிறது, அதனால்தான் சர்க்கரையும் கவலையும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இனி எனக்கு யோகம் இல்லையா?” இக்கேள்வியில் உடல்வலியை விட அச்சமே மிகுதி. நோய்க்கு நோயாளியின் ஆத்மசக்திக் குறைவே காரணம் என்று சொல்வது, நோயுற்றவர் தலையில் பழியையும் சுமத்துவதாகும். அது தர்மம் அன்று.

ஆச்சிக்குச் சொன்னது இவ்வளவே: “சர்க்கரைக்கு டாக்டர் கொடுக்கும் மருந்தை ஒருநாளும் நிறுத்த வேண்டாம். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமர்ந்து, சிரமமில்லாமல் மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். உள்ளே போகும் மூச்சோடு நாராயண நாமம், வெளியே வரும் மூச்சோடு நாராயண நாமம். உங்கள் ஹ்ருதயத்தில் அவன் எழுந்தருளியிருக்கிறான். அங்கே அடைப்பு ஒன்றும் இல்லை.”

திருக்கோட்டியூர் அஷ்டாங்க விமானத்தைச் சேவித்தவர்கள் அறிவார்கள். அங்கே எம்பெருமான் கீழே நர்த்தனமாடும் கண்ணனாகவும், மேலே செல்லச் செல்லப் பள்ளிகொண்டவனாகவும், நின்றவனாகவும், வீற்றிருப்பவனாகவும் தளந்தோறும் காட்சி தருகிறான். குறுகிய படிகளில் ஏற வல்லவர் ஏறி மேல்தளத்தில் சேவிக்கின்றனர். ஏற மாட்டாதவர் கீழேயே சேவிக்கின்றனர். மேலே இருப்பவன் வேறு, கீழே இருப்பவன் வேறு அல்லன். ஸௌம்ய நாராயணன் கீழே நின்றவரைக் குறைத்து அருள்வதும் இல்லை.

ஆகவே இளமையும் வலிமையும் உடையோர் தக்க ஆசிரியரிடம் ஆஸனமும் பிராணாயாமமும் பயிலட்டும். அஹிம்ஸை, ஸத்யம், பிறர் பொருளை விரும்பாமை என்னும் யமங்கள் எட்டு அங்கங்களில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதை மறவாதிருக்கட்டும். பொய்க்கணக்கு எழுதும் கையால் சின்முத்திரை பிடிப்பதில் பயனில்லை. தியானிக்க ஒரு ஸ்தானம் வேண்டுமாயின் ஹ்ருதய கமலத்தைக் கொள்ளட்டும். சக்கரம் என்னும் சொல்லைக் கேட்கும்போது, பஞ்சஸம்ஸ்காரத்தில் ஆசார்யன் வலத்தோளில் பொறித்த திருவாழியை நினைக்கட்டும். இவ்வுடல் எவனுடையது என்று அச்சக்கரம் அறிவிக்கும்.

யோகம் பலித்ததா என்று அறிய ஓர் உரைகல்லும் உண்டு. சமநிலையே யோகம் என்று கீதை இரண்டாம் அத்யாயத்தில் கூறுகின்றது. வந்தாலும் வாராவிட்டாலும் ஒத்திருக்கும் மனநிலை அது. அத்தகையவன் எவ்வுயிரையும் பகையாதவன், நட்பும் கருணையும் உடையவன் என்று பன்னிரண்டாம் அத்யாயம் விரிக்கின்றது. காலையில் ஒரு மணி நேரம் கண்மூடி அமர்ந்தவன், எழுந்தபின் வீட்டில் முதியோர் அழைக்கும் குரலுக்கு முன்னிலும் விரைந்து செல்கிறானா? பணியாளிடம் முன்னிலும் இன்சொல் கூறுகிறானா? ஆம் எனில் அவன் யோகம் பலித்தது. அமைதி கலைந்ததே என்று அவர்கள்மேல் சினம் கொள்வானாயின், அவன் பிணம் கிடக்கும் வீட்டில் மணவிழா நடத்துகின்றான்.

இத்திருநாளில் எம்பெருமான் வீதியில் எழுந்தருளும்போது, யோகம் பயின்றவரும் பயிலாதவரும், நிமிர்ந்து நிற்பவரும் கோல் ஊன்றி நிற்பவரும் ஒரே வரிசையில் நின்று கைகூப்புகின்றனர். திருவீதியில் வருபவனே அவர்கள் எல்லாருடைய ஹ்ருதயத்திலும் உறைந்து, ஆறு ஆதாரங்களையும் அவற்றையுடைய உடலையும் தாங்கி நிற்கின்றான். அவ்வோர் ஆதாரத்தை அனைவரும் பற்றி, நோயற்ற வாழ்வும் கைங்கர்ய ஸம்பத்தும் பெற்று நீடு வாழ அவன் திருவடிகளைப் பிரார்த்திக்கின்றேன்.

சுபம்.